காலைச் சாப்பாடு: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் காலையில் காபிக்குப் பஞ்சமில்லை. தடுமாறுவது சாப்பாடுதான். பள்ளிக்கூடப் பிள்ளை ரெண்டு இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு வேன் ஏறுகிறது. நடவுக்குப் போகிற பெண்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு வயலில் இறங்கி, பத்து மணி வாக்கில்தான் தூக்குவாளியைத் திறக்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் தோசை வார்த்துப் போட்ட அம்மா, பதினொரு மணிக்கு மேல் மீந்ததைச் சாப்பிட உட்காருகிறார். அதுவும் சில நாள் இல்லை.

நம் காலைத் தட்டில் அரிசிக்குக் குறைவே கிடையாது. குறைவது பருப்பும் பயறும். இத்தனைக்கும் இது பயறு விளைகிற மண். சம்பா, தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் நெற்பயிருக்கு இடையே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிட்டு, நெல்லை அறுத்த பிறகு பனியிலேயே அவற்றை வளர்த்து எடுக்கிறோம். அந்த உளுந்தும் பயறும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போகின்றன, நம் தட்டுக்கு வருவது கொஞ்சம்தான். அதைக் கூட்டினால் காலைச் சாப்பாடு பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி முந்தின நாள் சாயங்காலத்தில் இருக்கிறது. காலையில் எழுந்து "இன்னைக்கு என்ன பண்றது" என்று யோசிக்கிற வீட்டில் ரவா உப்புமாதான் வரும். எப்படி மாற்றுவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

காலையில் சாப்பிடுவதால் என்ன கிடைக்கிறது

இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்தால், காலை எட்டு மணிக்குப் பதினோரு மணி நேரம் வயிறு காய்ந்திருக்கிறது. அந்த நேரம் முழுக்க ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல்தான். அது சேமித்து வைத்த கிளைக்கோஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்கிறது. விடியும்போது அந்தச் சேமிப்பு நன்றாகக் குறைந்திருக்கும். மூளை நம் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம், சேமிப்போ குறைவு. வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி நம் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி போட்ட சாம்பார் என்று அங்கே போடுகிறார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் அங்கே சாப்பிடுவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சாம்பாரோடு சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. காலையில் பயறு, பருப்பு சேர்த்துச் சாப்பிட்டால், மதியம் சாப்பிடுகிற சோற்றுக்கும் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்படும். பயற்றின் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மெதுவாகச் செரிப்பதால் வருகிற பலன் இது. காலையைத் தாண்டவிட்டு மதியம் பசியோடு மலையாகச் சோறு போட்டுக்கொள்கிறவருக்கு நேர் எதிராக நடக்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் சாப்பிட்டாலே எடை குறையும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சோதனை செய்து பார்த்த ஆய்வுகளில் அப்படி உறுதியாகத் தெரியவில்லை. ஆறு பூரியும் கிழங்கும் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். என்ன சாப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் படி: ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், தொட்டுக்கொள்ள என்ன இருந்தது, இந்த மூன்று மட்டும். எழுதி முடித்ததும் சமைத்தவரின் வரிசையை முதலில் பாருங்கள். பெரும்பாலான வீட்டில் அதுதான் காலியாக இருக்கும், அல்லது "காபி, காபி" என்று இருக்கும். மாற்றத்தை அங்கேயிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கடைசியில் சாப்பிடுகிற பழக்கத்துக்கு அதில் பங்கே இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. முதல் ஈடு இட்லி வெந்ததும் சமைப்பவர் தட்டிலும் மூன்று விழ வேண்டும். இதை வீட்டு விதியாகவே வையுங்கள்.

இரண்டாம் படி: எழுந்ததும் செய்ய வேண்டியது

ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அப்புறம் காபி. கும்பகோணம் டிகிரி காபியை விடச் சொல்ல மாட்டேன், விடவும் மாட்டீர்கள். ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். சர்க்கரை ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதோடு, சாப்பிட்ட கையோடு காபி குடிக்க வேண்டாம். காபியிலும் டீயிலும் உள்ள சில பொருட்கள் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கட்டும். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காபியோடோ பாலோடோ விழுங்கவே கூடாது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு சாப்பிடலாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரோடு முதலில் போட்டுக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபிக்கும் சாப்பாட்டுக்கும் போக வேண்டும்.

எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், தினமும் ஏறத்தாழ ஒரே நேரம். இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்கு என்றால் காலையில் பசிக்காது. பசிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் முந்தின இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று பாருங்கள்.

மூன்றாம் படி: தட்டின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் காலைக்கு 15 கிராம் சொச்சம்.

இப்போது நம் வழக்கமான தட்டைப் பாருங்கள். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சேர்த்தால் ஏழு கிராமை எட்டுவதே கஷ்டம். அதே இட்லிக்கு ஒரு முட்டை சேர்த்தால் 6 கிராம் கூடும். கெட்டியான சாம்பார் என்றால் இன்னும் 4, 5 கிராம். கணக்கு முடிந்தது.

"கெட்டியான" என்பதை அழுத்திச் சொல்கிறேன். உலர்ந்த துவரம் பருப்பு 100 கிராமில் 22 கிராம் போலப் புரதம் இருக்கிறது. நாலு பேருக்கு அந்த 100 கிராமைப் போட்டால் ஆளுக்கு ஐந்தரை கிராம் கிடைக்கும். ஒரு கைப்பிடிப் பருப்பைப் போட்டுப் புளித்தண்ணீரை ஊற்றி நாலு பேருக்குப் பரிமாறினால் அது சாம்பார் வாசனை அடிக்கிற தண்ணீர்தான்.

பாதித் தட்டில் அரிசி, கோதுமை, கேழ்வரகு என எது வேண்டுமானாலும் இருக்கலாம். கால் பங்குக்குக் குறையாமல் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஒன்று. மீதி காயும் கீரையும். ஒரு பழம், பழமாகவே. ஜூஸாகப் பிழிந்தால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரைதான் நிற்கும். கொல்லையில் பழுக்கிற கொய்யாவுக்கு ஈடாகக் கடையில் வாங்க ஒன்றுமில்லை. அதில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயற்றிலும் இருக்கிற இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

பாலில் கலக்கும் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவின் பின்னால் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாங்குங்கள். இவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கே சொல்லியிருக்கிறது. பால் கொடுங்கள், போதும்.

நான்காம் படி: முந்தின நாள் சாயங்காலம்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றதைச் செய்ய முடியாது. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தை இதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது அடுக்களையில் மூன்று வேலை. நாளைக்கு வேண்டிய பயறையோ பருப்பையோ கழுவி ஊறப் போடுவது. கீரையை ஆய்ந்து ஈரம் போகத் துணியில் சுற்றி வைப்பது. சின்ன வெங்காயத்தை உரித்து வைப்பது. எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. டிவி பார்த்துக்கொண்டே கீரை ஆயலாம். வீட்டில் ஆண்பிள்ளைகளும் ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம்.

இட்லி மாவு அரைக்கும்போது நாலுக்கு ஒன்று என்று உளுந்து போடுகிற வீடுகள் மூன்றுக்கு ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். புழுங்கலரிசிக்குக் காரணம் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் பச்சரிசியைவிட அதில் கொஞ்சம் சத்து மிஞ்சும். அரிசியும் உளுந்தும் சேர்வதற்கும் காரணம் இருக்கிறது. புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் உளுந்தில் உண்டு, உளுந்தில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் புளித்து ஒன்றாகும்போது தாதுச்சத்தைக் கட்டிப்போடுகிற பைட்டேட்டும் குறைகிறது.

சித்திரை வெயிலில் மாவு ஆறு, ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஐப்பசி மழையில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அந்த நாட்களில் மதியமே அரைத்து வைப்பது நல்லது.

பச்சைப்பயறை முளைகட்ட எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் போதும். முளைத்ததைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டிவிடுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் முளையோடு கிருமியும் வளரும்.

ஐந்தாம் படி: என்ன சமைப்பது

முதலில் உளுந்தங்கஞ்சி. அரைமணி நேரத்தில் முடிகிற, நாலு பேர் வயிறு நிறைகிற சாப்பாடு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம். வெறும் வாணலியில், அடுப்பைக் குறைத்து வைத்து, வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். தோலுக்கு நடுவே தெரிகிற வெள்ளை லேசாகப் பொன்னிறமானதும் இறக்கிவிடுங்கள், கறுத்தால் கசக்கும். அதோடு இரண்டு கைப்பிடிப் பச்சரிசி, அரை ஸ்பூன் வெந்தயம், உரித்த பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு துண்டு சுக்குத் தட்டிப் போட்டு, ஆறு பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்து விசில். ஆவி அடங்கித் திறந்ததும் மத்தால் ஒரு முறை மசித்தால் பூண்டு கரைந்து கஞ்சி கொழகொழவென்று வரும். உப்புப் போட்டு, கடைசியில் அரை மூடித் தேங்காயின் பாலை ஊற்றி இறக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. ஆளுக்கு 6 கிராம் புரதம் உளுந்திலிருந்து மட்டும் வந்துவிடும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலோ, ஒரு அவித்த முட்டையோ. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மட்டும் என்று இதை ஒதுக்கி வைப்பது அநியாயம். வீட்டில் எல்லாரும் வாரத்துக்கு இரண்டு நாள் குடிக்க வேண்டியது.

பயறு அடை இன்னும் எளிது. ராத்திரி ஊறிய பச்சைப்பயறு இரண்டு பங்கு, அரிசி ஒரு பங்கு, காய்ந்த மிளகாய், இஞ்சி, சீரகம் போட்டுக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையை அள்ளிப்போட்டு, தோசைக்கல்லில் கனமாக ஊற்றி நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விடுங்கள். புளிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொடிக்கால் உள்ள ஊர்க்காரர்களுக்கு வெற்றிலைக்கொடி படர்கிற அகத்திக்கீரையும் பக்கத்திலேயே கிடைக்கும், வாரம் ஒரு நாள் அதைச் சேர்க்கலாம். வாழைப்பூ கிடைத்த நாளில் வாழைப்பூ அடை.

இட்லிக்கும் தோசைக்கும் தோதாகத் தொட்டுக்கொள்ளக் கடப்பா என்ற ஒன்றைக் கும்பகோணத்துக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா, சோம்பு, பூண்டு. வீட்டில் செய்யும்போது உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டுங்கள். ருசி கெடாது, கெட்டியாகவும் நிற்கும்.

அரிசி உப்புமாவுக்கு அரிசியோடு துவரம் பருப்பு, மிளகு, சீரகம் சேர்த்து உடைப்பது வழக்கம்தான். நாலில் ஒரு பங்கு பருப்பை மூன்றில் ஒரு பங்காக்கினால் போதும். கத்திரிக்காய் கொத்சு கூட இருந்தால் காயும் வந்துவிட்டது. வெண்பொங்கலுக்கு அரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, நெய் ஆளுக்கு ஒரு ஸ்பூன். கோயில் பொங்கல் அளவுக்கு நெய் மார்கழிக்கு மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் பழையது. இதைப் பற்றி ஒரு பக்கம் அமிர்தம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஏழைச் சாப்பாடு என்று மூஞ்சியைச் சுளிக்கிறார்கள். சரியாகச் செய்தால் வெயில் நாளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு குறைவு. ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவுச்சத்து எளிதில் செரிக்காத வகையாக மாறிக் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனியாகிறது. ஊறும்போது லேசாகப் புளிக்கவும் செய்கிறது. ஆனால் செய்முறையில் கவனம் வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மீந்த சோற்றைப் பானையிலேயே மணிக்கணக்கில் கிடக்கவிடாமல், ஆறியவுடன் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். சோற்றில் கை வைப்பது காலையில்தான், பிசைவதும் அப்போதுதான். காலையில் நூல் விட்டாலோ, நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். சோற்றைச் சாதாரணச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் வருகிற சில கிருமிகளின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

பழையதில் புரதம் குறைவு. அதனால் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் மட்டும் கடித்துக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. கொள்ளுத் துவையல், பருப்புத் துவையல், கெட்டித் தயிர், நேற்று வைத்த மீன் குழம்பு, இதில் ஏதாவது ஒன்று வேண்டும். நாகப்பட்டினம் பக்கம் நெத்திலிக் கருவாடு. ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் மட்டும் கருவாடு, மோர்மிளகாய், வடுமாங்காய் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, நாள் முழுக்க 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. இந்த மூன்றே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

அரிசியை மாற்ற விரும்புகிறவர்கள் வெளியூர் ஓட்ஸுக்குப் போக வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்திலிருந்து நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாப்பிள்ளைச் சம்பாவை இட்லிக்கு ஒரு பங்கு கலக்கலாம், கருப்புக் கவுனியைக் கஞ்சி வைக்கலாம். தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூட. இருந்தாலும் அரிசி அரிசிதான், சர்க்கரை நோயாளிகள் சிவப்பு அரிசி என்பதற்காக அளவை ஏற்றக் கூடாது. செறிவூட்டப்பட்ட அரிசி வாங்கினீர்கள் என்றால், தண்ணீரில் மிதக்கிற வேறு நிறத்து மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிய வேண்டாம். இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் அவற்றில்தான் இருக்கின்றன.

ஆறாம் படி: ஆளுக்கேற்ற மாற்றம்

வயல் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் முழுச் சாப்பாடு சாப்பிட முடியாது, சரி. ஆனால் வெறும் டீயோடு குனிந்து நாற்று நட இறங்க வேண்டாம். ஒரு சொம்பு நீராகாரம் உப்புப் போட்டு, கூடவே ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலையோ பயறோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பத்து மணித் தூக்குவாளியில் சோற்றோடு துவையலோ முட்டையோ இருக்கட்டும்.

சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சில மாத்திரைகளும் நீங்கள் சாப்பிடுவீர்கள் என்று நம்பிக் கொடுக்கப்படுபவை. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், படபடக்கும், மயக்கமும் வரலாம். அப்படி வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போகிற நாளில் மருந்தை எப்போது போடுவது என்று முந்தின நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக் கூடத்தில் வரிசை நீண்டுபோய் மயங்கி விழுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தட்டைப் பொறுத்தவரை, முதலில் காயையும் பயறையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் இட்லிக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, முட்டை, கீரை எதையும் இந்தக் கட்டுரையைப் பார்த்துக் கூட்ட வேண்டாம். உங்கள் அளவு வேறு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறவர்களுக்குக் குமட்டல் இருந்தால் எழுந்ததும் பொரியோ பொட்டுக்கடலையோ கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து எட்டு மணிக்கும் பத்தரைக்கும் சாப்பிடலாம். பல் போன பெரியவர்களுக்குக் கஞ்சியே போதும் என்று வெறும் அரிசிக்கஞ்சி கொடுக்காதீர்கள். வயதாக ஆகச் சதை கரையும், அவர்களுக்குத்தான் உளுந்தும் முட்டையும் மிகவும் வேண்டும். பிள்ளைகளுக்கு அடையைச் சின்னச் சின்னதாக வார்த்துக் கொடுத்தால் தட்டு காலியாகும்.

ஏழாம் படி: கடையில் சாப்பிடும்போது

தினமும் பேருந்து பிடித்து வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடைதான் கதி. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமோ கும்பகோணத்திலோ டிபன் கடையில் உட்கார்ந்தால் கேட்க வேண்டியது மூன்று இட்லி, இரண்டு கரண்டிச் சாம்பார், கிடைத்தால் ஒரு ஆம்லெட். பூரி, வடை, பரோட்டா மாதத்துக்கு ஓரிரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் குடி முழுகாது, தினமும் வேண்டாம். ஒரு வடையை ஒழித்தால் அந்தக் காசில் ஒரு முட்டை வரும். சூடான சாம்பாரை நெகிழிப் பையில் கட்டி வாங்காமல் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு போங்கள்.

எட்டாம் படி: விரத நாளும் மறுநாளும்

அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருக்கிற வீடுகள் நம் பக்கம் ஏராளம். அதை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் முழுப்பட்டினி கிடக்கக் கூடாது. பாலும் பழமும் எடுத்துக்கொள்கிற விரதமாக மாற்றிக்கொள்ளலாம். காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுப் பகல் முழுக்க இருக்கிறவர்கள் இடையில் மோரும் இளநீரும் குடியுங்கள்.

ரமலான் நோன்பு இருக்கிறவர்களுக்கு விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹர்தான் காலைச் சாப்பாடு. வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டால் பத்து மணிக்கே பசிக்கும். முட்டை, பருப்பு, தயிர் சேர்த்து, உப்பையும் காரத்தையும் குறைத்துச் சாப்பிட்டால் சாயங்காலம்வரை தாங்கும், தாகமும் மட்டுப்படும்.

விரதம் முடித்த மறுநாள் காலையில் பசியோடு முதல் பந்தியில் வடை பாயசம் என்று தொடங்க வேண்டாம். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் துவாதசிப் பாரணையில் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சூடான சோற்றில் கொஞ்சம் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். சமைத்தவரும் அதே பந்தியில் உட்காரட்டும்.